மூன்று லட்சம் கட்டினால் வெளிநாட்டு கிளப்பில் ஸ்ட்ரைக்கர் ஆகிவிடலாமா?

வியாசர்பாடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் அக்கா மகனுக்கு 17 வயது. முல்லை நகர் மைதானத்தில் கால்பந்து ஆடுகிறான், கோல் போடுகிற ஸ்ட்ரைக்கர். பகுதிப் போட்டிகளில் நிறைய கோல் போட்டிருக்கிறான். மூன்று லட்சம் கட்டினால் ஐரோப்பாவில் ஒரு கிளப்பின் ட்ரையலுக்கு (ஆள் எடுப்பதற்கான தேர்வு ஆட்டத்துக்கு) அழைத்துப் போவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா? வெளிநாட்டில் ஸ்ட்ரைக்கராக ஆடுகிறவர்களின் வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்?"

பணத்தைக் கட்டாதீர்கள். கீழே நான் எழுதப்போவது நீளமானது. அதைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் வீட்டில் யாராவது நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குக் கிளம்பிவிடக் கூடாது என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காரணம் எளிது. பையனுக்கு 17 வயது. 18 வயது நிறையாத ஆட்டக்காரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்கு மாற்றிப் பதிவு செய்யக் கூடாது என்பது உலகக் கால்பந்தை நடத்தும் அமைப்பான ஃபிஃபாவின் விதி. விலக்குகள் சில உண்டு. பெற்றோர் கால்பந்துக்குத் தொடர்பில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபெயர்ந்திருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே மாறுகிற 16 வயதுப் பையனாக இருக்கலாம். எல்லையோரத்தில் வசித்து, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிளப்பில் ஆடுகிறவனாக இருக்கலாம். வியாசர்பாடிப் பையனுக்கு இவற்றில் எது பொருந்தும்? அந்த ட்ரையலில் அவன் பத்து கோல் போட்டாலும் அந்த கிளப்பால் அவனைப் பதிவு செய்ய முடியாது. பணம் கேட்கிறவருக்கு இந்த விதி தெரியாது என்றால் அவர் இந்தத் தொழிலில் இல்லை. தெரிந்தே கேட்கிறார் என்றால் என்ன பெயர் சொல்வது என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. ஆட்டக்காரர்களுக்காக கிளப்புகளிடம் பேசும் ஏஜென்ட் ஃபிஃபாவின் தேர்வில் தேறி உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் ஃபிஃபாவின் இணையதளத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பெயரைத் தேடிப் பார்க்கலாம். அப்படிப்பட்டவருக்கு வருமானம், ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அந்தத் தொகையில் கிடைக்கிற பங்கு. ஆடுகிறவனிடம் முன்பணம் வாங்குகிறவர் ஆட்டத்தை நம்பிப் பிழைப்பவர் அல்ல. ஆடுகிறவன் வீட்டின் ஆசையை நம்பிப் பிழைப்பவர்.

இவ்வளவு கசப்பாக எழுதுவதற்குச் சொந்தக் காரணம் இருக்கிறது. எனக்கு இருபது வயதானபோது, பெரம்பூர்ப் பக்கத்தில் எல்லோரும் என்னை நல்ல சென்டர் ஃபார்வர்டு என்றார்கள் (ஸ்ட்ரைக்கர் என்ற சொல் அப்போது எங்கள் வாயில் ஏறவில்லை). தென்கிழக்கு ஆசிய நாடு ஒன்றில் கிளப் ஆள் எடுக்கிறது என்று ஒருவர் வந்தார். அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. சுற்றுலா விசாவில் இறங்கினோம். இரண்டு அறை வீட்டில் பதினோரு பேர். ட்ரையல் என்பது வாடகைக்கு எடுத்த மைதானத்தில் எங்களுக்குள்ளேயே நடந்த ஆட்டம். ஓரத்தில் ட்ராக்சூட் போட்டுக்கொண்டு ஒருவர் நின்றார், அந்த ட்ராக்சூட்டில் எந்த கிளப்பின் சின்னமும் இல்லை. அதை நான் கவனித்தது 23 நாட்கள் கழித்து, திரும்பி வருகிற விமானத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான். கடனை அடைக்க மூன்று வருடம் ஆனது. பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது, லீக் ஆடினேன், இப்போது பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அம்மா அந்த வளையலைப் பற்றிக் கடைசி வரை கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் மனம் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி.

வெளிநாட்டில் ஆடுகிற ஸ்ட்ரைக்கரைப் புரிந்துகொள்ள, முதலில் அவன் உட்காருகிற நாற்காலியைப் பாருங்கள். பல நாடுகளின் லீக்கில் வெளிநாட்டவருக்கு இத்தனை இடம்தான் என்று வரம்பு உண்டு. நம் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) தொடங்கிய 2014இல் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டவர் களத்தில் நிற்கலாம் என்றிருந்தது. 2017இல் ஐந்தானது, 2021இல் நான்கானது. இருக்கிற நாலு இடத்தை ஒரு கிளப் யாருக்குக் கொடுக்கும்? முதலில் கோல் போடுகிறவனுக்கு. ஸ்டாப்பர், விங் பேக் என்ற தடுப்பாளர்களை உள்ளூரில் தேடிக்கொள்ளலாம், கோலை மட்டும் காசு கொடுத்து வாங்கிவிடலாம் என்பதுதான் கணக்கு. அதனால்தான் இங்கே பெரும்பாலான அணிகளில் நடு முன்களத்தில் வெளிநாட்டவர் நிற்கிறார். நம் பையன்கள் விங்குக்கு, அதாவது மைதானத்தின் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார்கள், அல்லது பெஞ்சில் இருந்து எழுபதாவது நிமிடத்தில் எழுந்து வருகிறார்கள்.

இப்போது கண்ணாடியைத் திருப்புங்கள். நம் பையன் வெளியே போனால் அங்கே அவன்தான் வெளிநாட்டவன். அந்த ஊர்க் கிளப் தன்னிடம் இருக்கிற சில இடங்களில் ஒன்றை அவனுக்காகச் செலவழிக்கிறது. உள்ளூர் ஸ்ட்ரைக்கருக்குச் சமமாக ஆடினால் போதாது. சமமாக ஆட உள்ளூர்க்காரனே இருக்கிறானே! தெளிவாகத் தெரிகிற அளவுக்கு மேலாக ஆட வேண்டும், அதுவும் வந்து இறங்கிய இரண்டே மாதத்தில். சொந்த ஊரில் பத்து ஆட்டம் கோல் இல்லாமல் போனால் 'நேரம் சரியில்லை' என்பார்கள். வெளியூரில் ஐந்து ஆட்டம் போனால் ஏஜென்டுக்குப் போன் போய்விடும்.

இந்தப் பிழைப்பைப் பார்க்க நீங்கள் விமானம் ஏற வேண்டியதில்லை, நம் ஊருக்கு வந்து ஆடிப் போனவர்களைப் பார்த்தாலே போதும். கொலம்பியாவின் மென்டோசா 2015இல் 'சென்னையின் எஃப்சி' என்ற ஐஎஸ்எல் அணிக்காக 13 கோல் போட்டு, அதிக கோல் போட்டவருக்கான தங்கக் காலணி வாங்கினார். கோவாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிடக் கோலும் அவருடையதுதான். பிரேசிலின் கொரிந்தியன்ஸ் கிளப்பிலிருந்து இரவலாக வந்திருந்தவர், அடுத்த வருடம் நியூயார்க்கில் இருந்தார். லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ் பல நாட்டு கிளப்புகளைச் சுற்றிவிட்டு 32 வயதில் இதே அணிக்கு வந்தார். 2019–20 பருவத்தில் 15 கோல் போட்டு அணியை இறுதிக்குக் கொண்டுபோனார். அடுத்த பருவம் ஜாம்ஷெட்பூர். எனக்கு மிகவும் பிடித்த கதை பெத்ரோ மான்சியுடையது. உருகுவேயில் பிறந்தவர், ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் பல வருடம் ஆடியவர், உலகம் கவனிக்காத பெயர். 30 வயதில் சென்னை சிட்டி அணிக்கு வந்து, கோவை மைதானத்தில் ஆடி, 2018–19இல் ஐ-லீக் என்ற தேசிய லீக்கில் 21 கோல் போட்டார். அணி கோப்பையை வென்றது. அந்த ஆட்டம் அவரை ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டா வரை கொண்டுபோனது. ஸ்பெயினில் கிடைக்காத ஏணி கோவையில் கிடைத்திருக்கிறது! வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரின் வாழ்க்கை என்றால் பெரும்பாலும் இதுதான். பெட்டி எப்போதும் பாதி கட்டியே இருக்கும். ஒரு பருவத்துக்கு ஒப்பந்தம், நன்றாக ஆடினால் வேறு ஊர், ஆடாவிட்டாலும் வேறு ஊர்.

நம்மவர்கள் வெளியே போனதையும் பார்த்துவிடுவோம். 1936இலேயே கொல்கத்தாவின் முகமது சலீம் ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்காக, காலில் கட்டுத்துணி மட்டும் சுற்றிக்கொண்டு, இரண்டு ஆட்டங்கள் ஆடினார். விங்கர் அவர். கூட்டம் மயங்கியது, ஊர் நினைப்பு விடவில்லை, திரும்பிவிட்டார். அதற்குப் பின் அறுபது வருடத்துக்கும் மேல் கழித்து, 1999இல், பாய்ச்சுங் பூட்டியா இங்கிலாந்தின் பரி கிளப்பில் சேர்ந்தார். அன்றைக்கு இந்தியாவின் நம்பர் ஒன் ஸ்ட்ரைக்கர் அவர்தான், பரி இருந்ததோ இங்கிலாந்தின் மூன்றாம் நிலையில். முப்பதுக்கு மேற்பட்ட லீக் ஆட்டங்களில் மூன்று கோல். நடுவில் முழங்கால் காயம். இதைத் தோல்வி என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. குளிரில், நீளப் பந்தைத் தலையால் முட்டி வாழ்கிற ஆட்டத்தில், சிக்கிமின் ஒரு குட்டையான ஃபார்வர்டு அத்தனை முறை களம் இறங்கியதே பெரிது. பின்னாளில் மலேசியாவின் பேராக் அணிக்கும் ஆடினார்.

சுனில் சேத்ரி கதை இன்னும் பாடம் சொல்லும். 2009இல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அவரை எடுக்கத் தயாராக இருந்தது. பிரிட்டன் வேலை அனுமதி மறுத்தது. ஃபிஃபா தரவரிசையில் இந்தியா முதல் 70 இடங்களுக்குள் இல்லை என்பதே காரணம். அவர் காலில் ஒரு குறையும் இல்லை, நாட்டின் எண்தான் குறை. 2010இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டிக்குப் போனார், லீக் ஆட்டம் எதுவும் வாய்க்கவில்லை. 2012இல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்பின் பி அணி, அங்கேயும் விரல் விட்டு எண்ணும் ஆட்டங்கள். இந்தியாவுக்காக 90க்கும் மேல் கோல் போட்ட மனிதருக்கு வெளிநாட்டுக் கணக்கு இவ்வளவுதான். இன்று தரவரிசை இன்னும் மோசம். 2025இல் 130க்கும் கீழே போய்விட்டோம். இங்கிலாந்தின் இப்போதைய புள்ளி முறையிலும் ஆட்டக்காரரின் நாட்டுத் தரவரிசை பெரிய பங்கு வகிக்கிறது. எனவே 'இங்கிலாந்து கிளப்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு டீயைக் குடியுங்கள்.

பெண்கள் பக்கம் நிலைமை கொஞ்சம் வேறு. மணிப்பூரின் பாலாதேவி 2020இல் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸில் பத்தாம் எண் சட்டை போட்டு ஆடினார், கோலும் போட்டார். மனிஷா கல்யாண் 2022இல் சைப்ரஸின் அப்போலன் அணிக்காக ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கில் இறங்கிய முதல் இந்தியர். இருவரும் முதலில் இந்தியாவுக்குள் நிறைய கோல்களும் தேசிய அணிச் சட்டையும் சேர்த்துக்கொண்டு போனவர்கள். உங்கள் வீட்டில் ஆடுகிற பெண் குழந்தை இருந்தால் அவளையும் மைதானத்துக்கு அனுப்புங்கள், இதை வேறொரு நாள் விரிவாகப் பேசலாம்.

உங்கள் பையன் விஷயத்துக்கு வருகிறேன். வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்று பத்திரிகைகள் எழுதுவது எனக்கும் பெருமைதான். தனபால் கணேஷ் இந்தத் தெருக்களிலிருந்து போய்த்தான் சென்னையின் எஃப்சிக்கு ஆடினார். ஆனால் அவர் நடுக்கள ஆட்டக்காரர். நம் பக்கத்திலிருந்து நல்ல நடுக்களக்காரர்களும் விங்கர்களும் வருகிற அளவுக்கு அசல் ஸ்ட்ரைக்கர் வருவதில்லை. இதற்கு என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பரவாயில்லை.

நம் பையன்கள் வளர்வது சின்ன மைதானத்தில். கன்னிகாபுரமோ முல்லை நகரோ, ஒரே நேரத்தில் மூன்று நான்கு ஆட்டம் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் கிரிக்கெட் பந்தும் குறுக்கே ஓடும். ஐவர் ஆட்டம், எழுவர் ஆட்டம். இதனால் காலில் பந்து ஒட்டிக்கொள்ளும், இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து வருவான், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த ஆட்டத்தில் ஆஃப்சைடு (பாஸ் புறப்படும்போது எதிரணியின் கடைசித் தடுப்பாளரைத் தாண்டி நிற்கக் கூடாது என்ற விதி) கிடையாது. பையன் கோல் பக்கத்திலேயே நின்றுகொண்டு பந்து வரக் காத்திருப்பான். பெரிய மைதானத்தில் ஸ்ட்ரைக்கரின் தொழிலே ஆஃப்சைடு கோட்டோடு செய்கிற பேரம்தான். ஸ்டாப்பரின் தோளுக்குப் பின்னால் மறைந்து நிற்க வேண்டும், பாஸ் கொடுக்கிறவன் தலையைத் தூக்குகிற கணத்தில் புறப்பட வேண்டும். அரை நொடி முந்தினால் கொடி, அரை நொடி பிந்தினால் பந்து கீப்பர் கையில். கிராஸ் வரும்போது முதல் போஸ்ட்டா, இரண்டாம் போஸ்ட்டா என்று முடிவெடுக்க வேண்டும். பந்து எதிரணியிடம் இருக்கும்போது முதலில் விரட்டுகிறவனும் இவனே. 90 நிமிடத்தில் பந்து இவன் காலில் இருப்பது ஓரிரு நிமிடம், மீதி நேரம் முழுக்கப் பந்தில்லாமல் ஆடுகிற ஆட்டம். வெளிநாட்டுப் பயிற்சியாளர் பார்ப்பது இந்த மீதி நேரத்தை.

ஆகவே பையனுக்கு இப்போது தேவை பதினோரு பேர் ஆட்டம், முழு மைதானம், நடுவர், கொடி பிடிக்கும் ஆள். சென்னை லீக்கில் எந்தப் பிரிவாக இருந்தாலும் பதிவுபெற்ற ஓர் அணியில் சேருங்கள். ஐந்தாவது டிவிஷன் என்றாலும் கௌரவக் குறைச்சல் இல்லை. கையோடு ஆட்டங்களை முழுதாக வீடியோ எடுத்து வையுங்கள். பாட்டுப் போட்டு கோல்களை மட்டும் ஒட்டிய மூன்று நிமிட வீடியோவைப் பார்த்து யாரும் ஒப்பந்தம் கொடுப்பதில்லை.

பதிவு என்று சொன்னேன், அதைக் கொஞ்சம் விரிக்க வேண்டும். நம் பகுதியில் ஏமாற்றத்தைவிட அதிகமாகப் பையன்களைக் கெடுப்பது இந்த விஷயத்தில் இருக்கும் அலட்சியம். அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பின் மத்தியப் பதிவு முறையில் ஆட்டக்காரரின் பெயர், பிறந்த தேதி, எந்தப் பருவத்தில் எந்த கிளப் என்று எல்லாம் ஏற வேண்டும். தெருப் போட்டிகளில் போட்ட இருநூறு கோல் அங்கே ஏறாது. உலகத்தின் பார்வையில் அந்தப் பையன் ஆடவே இல்லை. வயதைக் குறைத்துப் பதிந்தவன் கதை இன்னும் பரிதாபம். பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்றிருந்தால் பின்னாளில் அதுவே கழுத்தைப் பிடிக்கும்.

பதிவில் காசும் இருக்கிறது, பையனுக்கு அல்ல, அவனை வளர்த்த சின்ன கிளப்புக்கு. ஒப்பந்தத்தில் இருக்கிற ஆட்டக்காரரை வேறு நாட்டு கிளப் விலை கொடுத்து வாங்கினால், அந்தத் தொகையில் 5 சதவீதம், அவன் 12 வயது முதல் 23 வயது வரை ஆடிய கிளப்புகளுக்குப் பிரிந்து போக வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வயது வரையிலான ஒவ்வொரு பருவத்துக்கும் மொத்தத் தொகையில் 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை பருவத்துக்கு 0.5 சதவீதம். ஒரு கோடிக்கு விலை போனவனை 12 வயதிலிருந்து நாலு பருவம் வளர்த்த வியாசர்பாடி கிளப்புக்கு ஒரு லட்சம். நம் கிளப்புகளுக்கு அது இரண்டு வருடத்துப் பந்தும் சட்டையும். 2022 முதல் இந்தப் பணத்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்க ஃபிஃபாவே தீர்வகம் ஒன்று நடத்துகிறது. ஆனால் பெயர் பதிவில் இருந்தால்தான் பணம் வரும். மைதானத்தில் காலை ஐந்தரை மணிக்கு விசில் ஊதிய மாஸ்டரின் உழைப்புக்குச் சாட்சி அந்தப் பதிவு ஒன்றுதான்.

அடுத்தது பத்தாம் வகுப்பு. கால்பந்துக் கேள்விக்கு இது என்ன பதில் என்று நினைக்காதீர்கள். பத்தாவது தேறாதவரின் பாஸ்போர்ட் பொதுவாகக் குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் வகையில் வரும். மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, வளைகுடா நாடுகள் என 18 நாடுகளுக்கு அந்தப் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். இந்திய ஆட்டக்காரருக்கு ஓரளவு வாய்ப்பிருக்கும் ஆசிய நாடுகள் சில இந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. கிளப்பின் பதிவுக்கெடு இரண்டு வாரத்தில் முடிகிறது என்னும்போது இந்த அலைச்சல் வாய்ப்பையே தின்றுவிடும். பையன் பத்தாவது தேறியிருந்தால் அந்த மதிப்பெண் பட்டியலை காலணியைவிடப் பத்திரமாக வையுங்கள்.

ஒரு நாள் உண்மையான ஒப்பந்தமே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வேலை விசாவா, சுற்றுலா விசாவா என்று பாருங்கள். சுற்றுலா விசாவில் சம்பளத்துக்கு ஆடினால் பிடிபடுவது கிளப் அல்ல, பையன். காயம் பட்டால் மருத்துவச் செலவும் அந்த மாதங்களின் சம்பளமும் யார் பொறுப்பு என்று எழுத்தில் இருக்க வேண்டும். முழங்கால் தசைநார் அறுந்தால் ஒன்பது மாதம் வரை போகும், ஒப்பந்தமே பத்து மாதம்தான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சின்ன கிளப்புகளில் சம்பளம் தள்ளிப்போவது உலகம் முழுக்க உள்ள வியாதி. இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால், எழுத்து மூலம் 15 நாள் கெடு கொடுத்து, பிறகும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வேறு கிளப்புக்குப் போக ஆட்டக்காரருக்கு உரிமை உண்டு. பாக்கிக்கு ஃபிஃபாவிடம் முறையிடலாம், இரண்டு வருடத்துக்குள் முறையிட வேண்டும். ஒப்பந்தத்தின் ஒரு பிரதி வீட்டில் அக்காவின் பீரோவில் இருக்கட்டும். பலர் கையெழுத்துப் போட்ட தாளையே கண்ணால் பார்க்காமல் ஆடுகிறார்கள்.

பையனுக்கு இப்போதைய 'வெளிநாடு' எது என்று கேட்டால் நான் கொல்கத்தா என்பேன், அல்லது கேரளம், கோவா. விளையாட்டாகச் சொல்லவில்லை. பாஷை தெரியாத ஊரில், சாம்பார் இல்லாத மெஸ்ஸில், திட்டுகிற பயிற்சியாளரிடம் ஒரு பருவம் தாங்குகிறானா என்று அங்கே தெரிந்துவிடும். ரயில் டிக்கெட் செலவோடு போய்விடும், வளையல் தேவையில்லை. சென்னைக்காரரான நந்தகுமார் சேகர் 2023 டூராண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக அடித்த ஒற்றைக் கோலைத் தேடிப் பாருங்கள். வலது ஓரத்திலிருந்து உள்ளே வந்து இடது காலால் அடித்தது. அறுபதாயிரம் எழுபதாயிரம் பேர் உட்காரக்கூடிய மைதானத்தில் அந்த ஒரு காலடியின் சத்தம் கேட்கும். பையனை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோலை அல்ல, பந்து வருவதற்கு முன் அவர் எங்கே நின்றார் என்பதை.

மூன்று லட்சம் கேட்டவரிடம் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். உங்கள் உரிம எண் என்ன? அழைப்புக் கடிதம் கிளப்பின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து வந்ததா? 18 ஆகாதவனை எந்த விதியின் கீழ் பதிவு செய்வீர்கள்? பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்குள் அவர் போனை வைத்துவிடுவார்.

பிறகு, அவனுக்கு இடது கால் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. ட்ரையல் நடத்துகிறவர்கள் முதல் பத்து நிமிடத்தில் பார்ப்பது அதைத்தான். சுவரில் பந்தை அடித்துத் திரும்ப வாங்கி, இடது காலால் மட்டும், தினமும் அரை மணி நேரம். முல்லை நகரில் சுவருக்குப் பஞ்சமில்லை.